பேராலயத்தின் அடியில் முகமூடிக் கூட்டம்

பெல்ஜிய ஓவியர் ஜேம்ஸ் என்சோர் 1886-ஆம் ஆண்டில் உலோகத் தகட்டில் கீறி அச்சிட்ட ‘பேராலயம்’ என்னும் படம், பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகப் பக்கத்துக்குள் அடங்கிவிடும். உயரம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். அகலம் 18 சென்டிமீட்டர். இந்தச் சிறிய இடத்துக்குள் ஓர் ஊரையே அவர் அடைத்து வைத்திருக்கிறார்.

படத்தின் மேற்பகுதி முழுவதையும் ஒரு பெரிய தேவாலயம் பிடித்துக்கொண்டிருக்கிறது. கோபுரங்கள் வானத்தைத் தொடுகின்றன. ஆனால் அதன் கற்கள் கல்லாகத் தெரியவில்லை. சரிகை வேலைப்பாடு போல நடுங்குகின்றன. கீழே மனிதத் தலைகள். ஒன்றா, இரண்டா? எண்ணத் தொடங்கினால் கண் வலிக்கும். முன்வரிசையில் இருப்பவர்கள் திருவிழா வேடத்தில் இருக்கிறார்கள்: நீண்ட மூக்கு, பிதுங்கிய கண், விசித்திரத் தொப்பி, சிரிக்கிறதா அழுகிறதா என்று சொல்ல முடியாத முகமூடி. இவர்களுக்கும் தேவாலயத்துக்கும் நடுவே, கோடு போட்டது போல ஒழுங்காக அணிவகுத்த இராணுவம். அதற்கும் அப்பால், வெறும் புள்ளிகளாகிப் போன இன்னொரு மக்கள் கூட்டம்.

கலை நூல்களில் இந்தப் படத்துக்குப் பெரும்பாலும் ‘கனவுக் காட்சி’, ‘மாயக் கற்பனை’ என்ற பெயர்களே கிடைத்திருக்கின்றன. கட்டடத்தைப் பொறுத்தவரை அது சரிதான். படத்தில் உள்ளபடி அப்படியொரு பேராலயம் பெல்ஜியத்தில் எங்கும் இல்லை. ஆனால், கூட்டத்தைக் கனவு என்று ஒதுக்கிவிடுவது அவ்வளவு எளிதல்ல. 1886-இல் பெல்ஜியத்தில் ‘கூட்டம்’ என்ற சொல்லைக் கேட்டாலே அரண்மனை முதல் ஆலை முதலாளியின் மாளிகை வரை கதவுகளைத் தாழிட்டார்கள். அந்த ஆண்டின் சரித்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், முகமூடி அணிந்தவர்களுக்குப் பின்னால் துப்பாக்கி ஏந்தியவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்பது விளங்கும்.

முகமூடி விற்ற வீடு

என்சோர் 1860-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி, வடகடலோரத்தில் உள்ள ஓஸ்டெண்ட் நகரில் பிறந்தவர். தந்தை ஆங்கிலேயர், படித்தவர், ஆனால் குடிக்கு அடிமையானவர். தாய் அவ்வூர்க்காரர். தாய்வழிக் குடும்பத்தினர் கடை வைத்திருந்தனர். கோடைகாலத்தில் கடற்கரைக்கு வரும் சுற்றுப்பயணிகளுக்கு அங்கே சங்கு, சிப்பி, சீனப் பீங்கான், பதப்படுத்திய மீன், நினைவுப் பொருள்கள் எல்லாம் கிடைக்கும். திருவிழாக் காலம் வந்தால் முகமூடிகளும் தொங்கும். கடைக்கு மேலே குடும்பம். அதற்கும் மேலே, கூரையை ஒட்டிய அறையில் என்சோரின் ஓவியக் கூடம்.

முகமூடி என்பது அவருக்கு எங்கோ படித்துத் தெரிந்துகொண்ட தத்துவம் அல்ல. காலையில் கண் விழித்தால் படியிறங்கும் வழியில் தொங்கும் விற்பனைச் சரக்கு. ஒரு பலசரக்குக் கடைக்காரரின் பிள்ளைக்கு அரிசியின் தரம் விரல் நுனியில் தெரிவது போல, எந்த முகமூடி எந்த மாதிரி மனிதரைக் கவரும் என்பது அந்தக் கடைக்காரியின் மகனுக்குத் தெரிந்திருக்கும்.

1877 முதல் 1880 வரை பிரஸ்ஸல்ஸ் கலைக்கழகத்தில் படித்துவிட்டு, அவர் ஊருக்கே திரும்பிவிட்டார். அந்தக் காலத்து ஓவியர்கள் பாரிசை நோக்கி ஓடிக்கொண்டிருந்தபோது, இவர் ஆயுள் முழுவதும் ஓஸ்டெண்டை விட்டுப் பெரும்பாலும் நகரவே இல்லை. 1883-இல் பிரஸ்ஸல்சில் தொடங்கப்பட்ட ‘இருபதின்மர்’ என்ற புதுமை ஓவியர் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். ஆனால் சக ஓவியர்களுக்கே அவருடைய படங்கள் சில நேரங்களில் செரிக்கவில்லை. விற்பனையோ மிகவும் மோசம். 1893-இல் தம் ஓவியக் கூடத்தில் இருந்த அத்தனையையும் சேர்த்து 8,500 பிராங்குக்குக் கொடுத்துவிட முன்வந்தார். வாங்க ஆள் இல்லை.

1886-இல் அவர் கை தூரிகையிலிருந்து ஊசிக்கு மாறியதற்கு ஒரு காரணம் உண்டு. வண்ணம் மங்கும், கித்தான் கிழியும், மரச்சட்டத்தைப் பூச்சி அரிக்கும், பழுது பார்க்க வருகிறவர் இருப்பதையும் கெடுத்துவிடுவார் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. தகட்டில் கீறி அச்சிட்டால் ஒன்று அழிந்தாலும் இன்னொன்று எங்காவது பிழைத்திருக்கும். தம் காலத்துக்குப் பிறகும் வாழ வேண்டும் என்ற ஆசையில்தான் தகட்டைத் தேர்ந்ததாக அவரே பிற்காலத்தில் தெரிவித்திருக்கிறார். மொத்தம் சுமார் 130 தகடுகள் செய்தார். 1888-ஆம் ஆண்டில் மட்டும் நாற்பதுக்கும் மேல்!

‘எட்சிங்’ எனப்படும் இந்த அச்சோவிய முறையைச் சற்று விளக்க வேண்டும். நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதைப் பார்த்திருப்போம். அங்கே கருவி நேரடியாக உலோகத்தைக் கொத்துகிறது. கைக்குப் பலம் வேண்டும். எட்சிங்கில் அப்படியில்லை. தகட்டின் மீது மெழுகுப் பூச்சு ஒன்றைத் தடவி விடுவார்கள். ஓவியர் ஊசியால் அந்தப் பூச்சை மட்டும் கீறுவார். தாளில் எழுதுவது போலக் கை தாராளமாக ஓடும். பிறகு தகட்டை அமிலத்தில் இடுவார்கள். பூச்சு விலகிய இடங்களில் மட்டும் அமிலம் உலோகத்தைத் தின்று பள்ளமாக்கும். பூச்சை நீக்கிவிட்டு மையைத் தடவித் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை வைத்து உருளை இயந்திரத்தில் அழுத்தினால் படம் வந்துவிடும், இடம் வலம் மாறி.

கூட்டத்தை வரைவதற்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. ஒரு சிறு சுழி போட்டால் ஒரு தலை. இரண்டு புள்ளி வைத்தால் கண். ‘பேராலயம்’ படத்தில் பின்னே செல்லச் செல்ல முகம் சுழியாகிறது, சுழி புள்ளியாகிறது, புள்ளி வெறும் சாம்பல் நிறமாகிறது. மனிதர்கள் தூரத்தில் எப்படி ‘மக்கள் தொகை’ ஆகிப்போகிறார்கள் என்பதை இதற்கு முன்பே செய்து காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. பிரான்சின் நான்சி நகரைச் சேர்ந்த ஜாக் கல்லோ, 1620-இல் இத்தாலியச் சந்தை ஒன்றை ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்களோடு தகட்டில் கீறியிருக்கிறார். ஆனால் கல்லோவின் சந்தையில் ஆளுக்கொரு வேலை இருக்கிறது. என்சோரின் கூட்டத்துக்கு வேலை எதுவும் இல்லை. அது நிற்கிறது. அவ்வளவுதான்.

சிரிப்புக்கு விடப்பட்ட தவணை

‘கார்னிவல்’ என்றதும் மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களுக்குத் தள்ளுபடி விற்பனையும் இராட்டினமும் நினைவுக்கு வரலாம். ஐரோப்பியக் கத்தோலிக்க நாடுகளில் அதன் பொருள் வேறு. இயேசுவின் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் 40 நாள் தவக்காலம். அதில் இறைச்சி, கொண்டாட்டம், ஆடம்பரம் எல்லாம் விலக்கு. அந்தத் தவக்காலம் திருநீற்றுப் புதனன்று தொடங்குகிறது. அதற்கு முந்திய சில நாள்கள், குறிப்பாகச் செவ்வாய்க்கிழமை, தின்று குடித்து ஆடித் தீர்த்துவிடுவதற்கான நாள்கள். ‘இறைச்சியை விலக்குதல்’ என்ற பொருளுடைய இலத்தீன் சொற்களிலிருந்தே ‘கார்னிவல்’ பிறந்தது என்பது பரவலான கருத்து.

அந்தச் சில நாள்களில் உலகம் தலைகீழாகும். வேலைக்காரன் பிரபு வேடம் போடுவான். ஆண் பெண்ணாக வருவான். பாதிரியாரையும் நீதிபதியையும் கிண்டல் செய்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஏனென்றால் அவன் முகம் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் தெரியாதது போல இருக்க வேண்டும் என்பது ஊர் ஒப்புக்கொண்ட வழக்கம். புதன்கிழமை விடிந்ததும் நெற்றியில் சாம்பல். பிரபு மீண்டும் பிரபு, வேலைக்காரன் மீண்டும் வேலைக்காரன். ஆள்பவர்கள் இந்த விழாவை ஏன் இத்தனை நூற்றாண்டு பொறுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இந்தப் புதன்கிழமையே விடை. கொதிக்கும் பானையின் மூடியைச் சற்றே திறந்து வைப்பது போன்ற ஏற்பாடு அது.

பெல்ஜிய மண்ணின் ஓவியர்களுக்கு இது பழகிய பொருள். பீட்டர் புரூகல் 1559-இல் வரைந்த ‘கார்னிவலுக்கும் தவக்காலத்துக்கும் இடையிலான போர்’ இன்று வியன்னாவில் உள்ளது. படத்தின் ஒரு பக்கம் மதுக்கடை, மறுபக்கம் தேவாலயம். நடுவே, பீப்பாயின் மேல் குந்திய தொந்திக்காரன் வறுத்த இறைச்சி குத்திய கம்பியோடு வருகிறான். எதிரே மெலிந்த தவக்காலம், இரண்டு மீன்களை நீட்டிக்கொண்டு வருகிறது. சுற்றிலும் பிள்ளைகள் பம்பரம் விடுகிறார்கள், ஏழைகள் பிச்சை கேட்கிறார்கள், யாரோ அப்பம் சுடுகிறார்கள். என்சோரின் படத்தோடு இதை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு உடனே கண்ணில் படும். மதுக்கடைக்கும் கோயிலுக்கும் நடுவே புரூகல் வைத்தது கிணற்றடியும் சந்தைவெளியும். கூட்டத்துக்கும் கோயிலுக்கும் நடுவே என்சோர் வைத்தது இராணுவம்.

பின்ஷ் என்ற சிறிய ஊரின் விழாவையும் இங்கே குறிப்பிட வேண்டும். பெல்ஜியத்தின் நிலக்கரிப் பகுதிகளை ஒட்டியிருக்கும் இவ்வூரில், கார்னிவல் செவ்வாயன்று ‘ஜீல்’ எனப்படும் வேடக்காரர்கள் மரக்காலணி அணிந்து, முரசொலிக்கு ஏற்ப ஆடி வருவார்கள். எல்லாருக்கும் ஒரே மெழுகு முகமூடி: பச்சைக் கண்ணாடி, முறுக்கிய மீசை. யார் முதலாளி, யார் தொழிலாளி என்று சொல்ல முடியாது. பிற்பகலில் முகமூடியைக் கழற்றிவிட்டு, பெரிய இறகுத் தொப்பி அணிந்து, கூட்டத்தின் மீது ஆரஞ்சுப் பழங்களை வீசுவார்கள். 2003-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

ஒன்பதே நாள்

1886-இல் உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 25-ஆம் தேதி வந்தது. கிறிஸ்தவ நாள்காட்டியில் அந்த விழா அதைவிடப் பிந்தி வருவதற்கு வழியே இல்லை. அதன்படி கார்னிவல் செவ்வாய் மார்ச் 9. மார்ச் 10 திருநீற்றுப் புதன். முகமூடிகள் பெட்டிக்குள் போயின.

ஒன்பதாம் நாள், மார்ச் 18. பாரிஸ் கம்யூன் புரட்சியின் 15-ஆம் ஆண்டு நினைவாக லியேஜ் நகரில் ஒரு கூட்டம் கூட்டப்பட்டது. வேலையின்மையும் கூலிக் குறைப்பும் வாட்டிய குளிர்காலம் அது. எதிர்பார்த்ததைவிடப் பெருந்திரள் வந்தது. கடைக் கண்ணாடிகள் உடைந்தன. மறுநாள் முதல் சுற்றுவட்டாரச் சுரங்கங்களில் வேலை நிறுத்தம். சில நாள்களில் அது ஷார்லெருவா வட்டாரத்துக்குத் தாவியது. மார்ச் 26-ஆம் தேதி ஜூமே என்ற ஊரில் போடூ என்பவரின் கண்ணாடித் தொழிற்சாலையும் அவருடைய மாளிகையும் தீக்கிரையாயின. அவர் புதுவகை உலைகளை அமைத்திருந்தார். வாயால் ஊதிக் கண்ணாடி செய்யும் கைத்தொழிலாளர்கள் அதில் தங்கள் பிழைப்பின் முடிவைப் பார்த்தார்கள்.

ஜெனரல் வாண்டர் ஸ்மிஸனின் தலைமையில் இராணுவம் இறங்கியது. ரூ என்ற ஊரில் மார்ச் 27-ஆம் தேதி படையினர் கூட்டத்தை நோக்கிச் சுட்டனர். அந்தக் கலவர நாள்களில் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கண்ணாடித் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஓஸ்கார் ஃபல்லருக்கு 20 ஆண்டு கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் எழுந்த எதிர்ப்பால் 1888-இல் அவர் விடுவிக்கப்பட்டார்.

சுடப்பட்டவர்களுக்கு முகமூடி இல்லை. ஆனாலும் செய்தித்தாள்களுக்கும் அமைச்சர்களுக்கும் அவர்கள் முகமற்றவர்களாகவே தெரிந்தார்கள். அதற்குச் சட்டமே காரணமாக இருந்தது. ஏறத்தாழ 6 மில்லியன் மக்கள் வாழ்ந்த பெல்ஜியத்தில், குறிப்பிட்ட அளவு வரி செலுத்திய ஆண்களுக்கு மட்டுமே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை. அப்படிப்பட்டவர்கள் சுமார் 137,000 பேர். சுரங்கத்துக்குள் இறங்கியவனுக்கு வாக்கு இல்லை. அவன் மனைவிக்கு இல்லை. மீனவனுக்கு இல்லை. தன் கருத்தைச் சொல்ல அவனுக்கு இருந்த ஒரே வழி தெருவில் கூட்டமாக நிற்பது. 1885-இல் தோன்றிய பெல்ஜியத் தொழிலாளர் கட்சியின் முதல் கோரிக்கை ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை என்பதாக இருந்ததில் வியப்பில்லை.

‘பேராலயம்’ இந்தக் கலவரத்தின் செய்திப் படம் அல்ல. அதில் சுரங்கம் இல்லை, உலை இல்லை, பிணம் இல்லை. என்சோர் ஓஸ்டெண்டில் இருந்தார். ரூ ஊரில் இல்லை. ஆனாலும் அதே ஆண்டில், அதே நாட்டில், ஒரு கலைஞன் தேவாலயத்தையும் அணிவகுத்த படையையும் பெயரில்லாத பெருங்கூட்டத்தையும் ஒரே தகட்டில் அடுக்கடுக்காக வைத்தான் என்றால், அதைக் கனவு என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. அன்றைய பெல்ஜியத்தின் மூன்று பெரும் சக்திகளும் அந்த அடுக்கில் இருக்கின்றன. இரண்டுக்கு அதிகாரம் இருந்தது. மூன்றாவதற்கு எண்ணிக்கை மட்டுமே இருந்தது.

அடுத்த ஆண்டே கலவரம் அவர் வீட்டு வாசலுக்கு வந்தது. ஆங்கிலேயப் படகுகள் ஓஸ்டெண்ட் துறைமுகத்தில் மீனை இறக்கி மலிவாக விற்றதை எதிர்த்து 1887 ஆகஸ்டில் உள்ளூர் மீனவர்கள் கொதித்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் மாண்டனர். இம்முறை என்சோர் எதையும் மறைபொருளாகச் சொல்லவில்லை. 1888-இல் அந்த மோதலை நேரடியாகவே வரைந்தார். 1892-இல் ‘காவலர்கள்’ என்ற ஓவியத்தில், இறந்த மீனவர்களின் உடல்களைக் காவலர்கள் காத்து நிற்பதைத் தீட்டினார். 1889-இல் அச்சிட்ட கேலிப்படமோ இன்னும் கடுமையானது. அரசரும் ஆயரும் படைத்தளபதியும் உயரத்தில் வரிசையாக அமர்ந்திருக்க, கீழே வாயைத் திறந்து நிற்கும் மக்களுக்கு அவர்கள் அளிக்கும் ‘உணவு’ என்ன என்பதைச் செய்தித்தாளில் விவரிக்க முடியாது.

இதனால் என்சோரைத் தொழிலாளர் வர்க்கத்தின் போராளி என்று கொடி பிடிக்க வைத்துவிடக் கூடாது. கூட்டத்தைக் கண்டு அவருக்கும் அச்சம் உண்டு. 1899-இல் தீட்டிய ‘முகமூடிகளுடன் சுயஉருவம்’ இப்போது ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் உள்ளது. நூற்றுக்கணக்கான கோர முகமூடிகள் நெருக்க, நடுவில் அவர் மட்டும் சிவப்புத் தொப்பியோடு மனித முகத்துடன் இருக்கிறார். தம்மைப் புரிந்துகொள்ளாத ஊரார், விமர்சகர்கள், வாங்காத வாடிக்கையாளர்கள் எல்லாரும் அவருக்கு முகமூடிகளே. வாக்கில்லாத மக்களின் பக்கம் மனம் சாய்ந்தாலும், அந்த மக்களின் நடுவே நிற்க அவரால் முடியவில்லை.

அந்தக் காலமே கூட்டத்தைக் கண்டு நடுங்கிய காலம். 1895-இல் பிரெஞ்சு அறிஞர் குஸ்தாவ் லெ போன், கூட்டத்தின் உளவியல் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். கூட்டத்தில் சேர்ந்துவிட்ட மனிதன் தன் அறிவை இழந்துவிடுகிறான், உணர்ச்சிக்கு அடிமையாகிறான் என்பது அதன் சாரம். ஆட்சியாளர்கள் அந்நூலை விரும்பிப் படித்தார்கள். கூட்டத்துக்கு அறிவே இல்லை என்றால், அது கேட்பதைக் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லையே! ‘பேராலயம்’ படத்தின் முன்வரிசையைப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு லெ போன் சொன்னது முழு உண்மையாகத் தோன்றாது. அங்கே ஒரு முகமூடியைப் போல இன்னொன்று இல்லை. பின்ஷ் ஊரின் ஜீல்களுக்கு ஒரே முகம்; என்சோரின் கூட்டத்தில் ஆளுக்கொரு முகம். ஒருவன் கேலி செய்கிறான், இன்னொருவன் திகைக்கிறான், ஒருத்தி எதையோ கேட்க வாய் திறந்தவள் போலிருக்கிறாள். எல்லாரும் ஒன்றாக இருப்பவர்கள் எங்கே என்று தேடினால், சற்றுப் பின்னே, தோளோடு தோள் உரசி, ஒரே அளவில் அடுக்கப்பட்ட அந்தப் படையில்தான் இருக்கிறார்கள்.

தகடு தப்பியது, கித்தான் காத்திருந்தது

1888-இல் என்சோர் தம் மிகப் பெரிய ஓவியத்தைத் தீட்டினார். ‘1889-இல் பிரஸ்ஸல்சுக்குள் இயேசுவின் வருகை’ என்பது அதன் பெயர். உயரம் இரண்டரை மீட்டர், அகலம் நான்கு மீட்டருக்கும் மேல். ‘பேராலயம்’ படத்தில் விரல் நகத்தளவு இருந்த முகமூடிகள் இங்கே ஆள் அளவுக்கு வளர்ந்து, பார்வையாளரை நோக்கி நடந்து வருகின்றன. மேலே சமதர்மத்தை வாழ்த்தும் சிவப்புப் பதாகை. இராணுவ வாத்தியக் குழு. மேடையில் பெரிய மனிதர்கள். கழுதை மேல் வரும் இயேசுவை இந்தச் சந்தடியில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தக் கித்தானை நாற்பது ஆண்டுகள் பொதுமக்கள் பார்க்கவில்லை. அது என்சோரின் வீட்டிலேயே இருந்தது. 1929-இல்தான் பிரஸ்ஸல்சில் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1987-இல் அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம் வாங்கியது. ஆனால் 1898-இலேயே அவர் அந்தக் காட்சியைச் சிறிய தகட்டில் எட்சிங்காகக் கீறிவிட்டார். தகடுகள் விஷயத்தில் அவர் போட்ட கணக்கு தவறவில்லை. பெரிய ஓவியம் வீட்டுச் சுவரில் காத்திருந்தபோது, சிறிய தாள்கள் தபாலில் பயணம் செய்தன. 1898-இல் பாரிசில் அவருடைய படைப்புகளுக்குக் கண்காட்சி நடந்தது. ‘பேராலயம்’ படத்தை 1896-இல் வேறொரு தகட்டில் மீண்டும் கீறினார். பத்து ஆண்டுக்கு முன் வரைந்த ஒவ்வொரு தலையையும் மறுபடி வரையும் பொறுமை எத்தனை பேருக்கு வரும்?

அந்தப் பத்தாண்டில் பெல்ஜியத்துத் தெருக்களிலும் மாற்றம் வந்திருந்தது. 1887-இல் கூலியைப் பொருளாகக் கொடுக்காமல் பணமாகவே கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1889-இல் பெண்கள், சிறுவர்களின் வேலைக்குக் கட்டுப்பாடு வந்தது. 1893 ஏப்ரலில் நாடு தழுவிய வேலை நிறுத்தம் வெடித்தது. மீண்டும் துப்பாக்கிச் சூடு, மீண்டும் உயிரிழப்பு. ஆனால் இம்முறை நாடாளுமன்றம் பணிந்தது. 25 வயது நிரம்பிய ஆண்கள் அனைவருக்கும் வாக்கு கிடைத்தது. வாக்காளர் எண்ணிக்கை ஒரேயடியாகப் பத்து மடங்கு உயர்ந்து 1.37 மில்லியனைத் தொட்டது. அதிலும் ஒரு சூழ்ச்சி இருந்தது. சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்கு இரண்டு, மூன்று வாக்குகள் வரை வழங்கப்பட்டன. ஓர் ஆணுக்கு ஒரு வாக்கு என்ற நிலைக்கு 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1929-இல் அரசர் ஆல்பர்ட், என்சோருக்குப் பிரபு பட்டம் வழங்கினார். அரசரையும் ஆயரையும் அந்தக் கோலத்தில் வரைந்தவர் ‘பாரன் என்சோர்’ ஆனார். புரூகல் காலத்து வேலைக்காரன் கார்னிவல் அன்று மட்டும் பிரபு ஆனான். கடைக்காரியின் மகன் நிரந்தரப் பிரபுவாகிவிட்டார். முகமூடியும் சிப்பியும் நிறைந்த ஓஸ்டெண்ட் வீட்டில் அவர் தொடர்ந்து வாழ்ந்தார். அந்த வீடு இன்று அருங்காட்சியகம். அவர் மறைந்த 75-ஆம் ஆண்டையொட்டி 2024-இல் ஓஸ்டெண்ட், பிரஸ்ஸல்ஸ், ஆன்ட்வெர்ப் நகரங்களில் தொடர் கண்காட்சிகள் நடந்தன. ஆன்ட்வெர்ப்பின் பழம்பெரும் அச்சகமான பிளான்டின் மொரேடஸ் அருங்காட்சியகத்தில் அவருடைய எட்சிங்குகளுக்கென்றே தனிக் கண்காட்சி வைத்தார்கள்.

‘பேராலயம்’ படத்தின் முன்வரிசையில் ஆண்களோடு முண்டியடித்து நிற்கும் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் சட்டம் பெல்ஜியத்தில் 1948-இல் நிறைவேறியது. 1949 ஜூன் 26-ஆம் தேதி அவர்கள் முதல்முறையாக நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார்கள். அப்போது என்சோருக்கு வயது 89. அதே ஆண்டு நவம்பர் 19-ஆம் தேதி ஓஸ்டெண்டில் அவர் காலமானார்.